கே.டி.எம்.: கவிழ்த்தது பந்தயம்தானா?

மலேசியாவில் கே.டி.எம். என்றால் பெரும்பாலோருக்குத் தொடர்வண்டிதான் நினைவுக்கு வரும். என் மாணவர்களுக்கோ அவ்வெழுத்துகள் ஆரஞ்சு நிற மோட்டார் சைக்கிளைக் குறிக்கின்றன. அண்மையில் ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன், "ஐயா, ரேஸ் ரேஸ் என்று பணத்தைக் கொட்டித்தானே அந்தக் கம்பெனி திவாலானது? அப்பா சொன்னார்" என்றான். அவன் தந்தையார் மீது எனக்கு மதிப்பு உண்டு. ஆயினும் இக்கருத்தை ஏற்க என்னால் இயலவில்லை. அந்நிறுவனத்தின் வரலாறு ஏறக்குறைய இதற்கு நேர்மாறாக இருக்கிறது.

ஆஸ்திரியாவில் மட்டிக்ஹோஃபன் என்பது ஒரு சிற்றூர். அங்கே 1934இல் ஹான்ஸ் ட்ரங்கன்போல்ஸ் என்பவர் வாகனப் பட்டறை ஒன்றைத் தொடங்கினார். போருக்குப் பின் 1951இல் சொந்தமாக ஒரு மோட்டார் சைக்கிளை உருவாக்கினார். 1953இல் 20 தொழிலாளர்கள் நாளொன்றுக்கு 3 வண்டிகள் செய்தார்கள். அவ்வாண்டே எர்ன்ஸ்ட் க்ரோன்ரைஃப் பங்காளியாக இணைந்தார். க்ரோன்ரைஃப், ட்ரங்கன்போல்ஸ், மட்டிக்ஹோஃபன் ஆகிய மூன்றின் தலைப்பெழுத்துகளே கே.டி.எம். இருவர் பெயரையும் ஓர் ஊரின் பெயரையும் முதலெழுத்தில் அடக்கும் இம்முறை, பெயருக்கு முன் ஊரையும் தந்தையையும் சுமக்கும் நமக்குப் புதிதன்று.

தொடக்கத்தில் அவர்கள் செய்தவை பெரும்பாலும் மொபெட்டும் ஸ்கூட்டரும் மிதிவண்டியும்தான். மண்பாதைக்கு அவர்களை இழுத்துச் சென்றவர் ஜான் பென்டன் என்ற அமெரிக்கர். காட்டுப்பாதைப் பந்தயங்களுக்கு எடை குறைந்த வண்டி வேண்டும் என்பது அவரது எண்ணம். மாதிரி வண்டிகளைச் செய்யத் தம் கைப்பணம் 6,000 டாலரைக் கொடுத்தார். 1968 முதல் பத்தாண்டுகள், மட்டிக்ஹோஃபனில் செய்த வண்டிகள் பென்டன் என்ற பெயரிலேயே அமெரிக்காவில் விற்பனையாயின. 1974இல் சோவியத் வீரர் கென்னடி மொய்செயெவ் 250 சிசி மோட்டோகிராஸ் உலகப் பட்டத்தை கே.டி.எம். வண்டியில் வென்றார்; 1977, 1978 ஆண்டுகளிலும் வென்றார். பொதுவுடைமை நாட்டு வீரர் முதலாளித்துவ நாட்டு வண்டியில் உலகை வென்ற செய்தி எனக்கு எப்போதும் வியப்பளிப்பது. 1984, 1985இல் டிரோல் பகுதியைச் சேர்ந்த ரொட்டிக்கடைக் குடும்பத்துப் பிள்ளை ஹைன்ஸ் கினிகாட்னர் அதே பட்டத்தை வென்றார். அவர் தம்பியும் பின்னர் மகனும் மோட்டார் சைக்கிள் விபத்துகளில் முதுகுத்தண்டு முறிந்து நடக்க இயலாதவர்களாயினர். முதுகுத்தண்டு ஆய்வுக்கு நிதி திரட்டும் விங்ஸ் ஃபார் லைஃப் அமைப்பை 2004இல் நிறுவியோருள் அவரும் ஒருவர். பந்தயத்தைப் புகழும்போது இதையும் சொல்லிவிடுவது நேர்மை.

இத்தனை வெற்றிகளுக்குப் பிறகும் 1991இல் நிறுவனம் திவாலானது. மொபெட், ஸ்கூட்டர் விற்பனை படுத்துவிட்டது, கடன் ஏறிவிட்டது. நிறுவனத்தை நான்காக வெட்டினர்: மோட்டார் சைக்கிள், மிதிவண்டி, ரேடியேட்டர், கருவித் தயாரிப்பு. மோட்டார் சைக்கிள் பகுதியை ஏற்ற ஸ்டெஃபான் பியரர் 1992இல் எதை வைத்து மீட்டார்? மண்பாதை வண்டிகளை வைத்துத்தான். சாலையில் ஓடும் டியூக் 1994இல்தான் வந்தது.

அதன் பின்னர் டக்கார். 2001இல் இத்தாலியர் ஃபப்ரிசியோ மெயோனி தொடங்கிவைத்த வெற்றி 2019 வரை அறுபடவில்லை. பந்தயம் நடவாத 2008ஐ நீக்கினால் தொடர்ந்து 18 முறை! அந்த மெயோனி 2005 டக்காரில் மவுரித்தேனியப் பாலைவனத்தில் விழுந்து இறந்தார். ஹோண்டா 2020இல்தான் இச்சங்கிலியை அறுத்தது.

பிறகு ஏன் 2024 நவம்பரில் மீண்டும் நொடிப்பு? கோவிட் காலத்தில் மோட்டார் சைக்கிளுக்குத் தேவை பெருகியது. அந்தத் தேவை என்றும் நிலைக்கும் என நம்பி உற்பத்தியைக் கூட்டிக்கொண்டே போனார்கள். வட்டி ஏறியது, வாங்குவோர் குறைந்தனர். வண்டிகள் கிடங்குகளில் தேங்கின. இதற்கிடையே ஹஸ்க்வர்னா, கேஸ்கேஸ், எம்வி அகுஸ்டா என்று ஒவ்வொன்றாகப் பெயர்களைச் சேர்த்தார்கள். 2017 முதல் மோட்டோஜிபி பந்தயத்திலும் முழுநேரமாக இறங்கினார்கள். அது தார்ச்சாலைப் பந்தயம், செலவும் மிகுதி. மாணவனின் தந்தையார் இதைக் குறித்தே சொல்லியிருந்தால் அவர் கூற்றில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் விற்காத வண்டியைச் செய்து குவித்தது பந்தய வீரன் அல்லன், கணக்குப் பார்த்தவர்கள்.

2025 சனவரியில் ஆஸ்திரேலியர் டேனியல் சாண்டர்ஸ் கே.டி.எம். வண்டியில் சவூதி அரேபியப் பாலைவனத்தில் டக்காரை வென்றார். அந்நாளில் மட்டிக்ஹோஃபன் ஆலையில் உற்பத்தி நிறுத்தப்பட்டிருந்தது. நவம்பர் மாதச் சம்பளத்தைத் தொழிலாளர்களுக்கு நொடிப்பு நிதியம்தான் ஈடுசெய்தது. நூற்றுக்கணக்கானோர் வேலை இழந்தனர். பிப்ரவரியில் கடன் கொடுத்தோர் 30 விழுக்காட்டுக்கு ஒப்புக்கொண்டனர். நூறு யூரோவுக்குத் திருகாணியும் இருக்கையும் செய்து கொடுத்த சிறு பட்டறைக்காரருக்கு முப்பது யூரோ என்று பொருள். பந்தயத்தைக் குறை கூறுவோர் இந்த எழுபது யூரோவை ஏன் பேசுவதில்லை?

அந்த முப்பதைக் கொடுக்கவும் பெருந்தொகை வேண்டியிருந்தது. இந்தியாவின் பஜாஜ் ஆட்டோ கைகொடுத்தது. 2007இல் 14.5 விழுக்காட்டுப் பங்குடன் நுழைந்து, 2012 முதல் டியூக் 200ஐப் புனேக்கு அருகிலுள்ள சாக்கானில் செய்துவந்த நிறுவனம் அது. 2025 நவம்பரில் முழுக் கட்டுப்பாடும் அதன் கைக்கு வந்தது. புதிய உரிமையாளர் செலவைக் குறைக்கத்தான் செய்வார். அவர் கத்தி முதலில் மோட்டோகிராஸ் பட்டறையின் மேல் விழுந்துவிடக் கூடாதே என்பதுதான் என் கவலை. மாணவனிடம் இதையெல்லாம் சொன்னேன். "அப்பாவிடம் சொல்கிறேன் ஐயா" என்றான்; இன்னும் பதில் வரவில்லை.