கைக்கெட்டும் இடத்தில் மாட்டுங்கள்

மண்ணூர்ப் பக்கத்துக் கம்பெனிகளில் தீயணைப்பு சிலிண்டரைத் தேட வேண்டியதில்லை. துடிப்பு தாறுமாறாகி நின்ற இதயத்துக்கு மின்னதிர்ச்சி தரும் ஏஇடி பெட்டி எங்கே? 1948 தொழிற்சாலைச் சட்டம் 150 தொழிலாளருக்கு ஒரு முதலுதவிப் பெட்டி கேட்டது. பஞ்சும் டிஞ்சரும் இங்கே எதற்கு ஆகும்? நெஞ்சையும் அழுத்தாமல் வேடிக்கை பார்த்தால், அதிர்ச்சி தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் சரியும். கன்டெய்னர் லாரிகளைத் தாண்டி 108 வந்து சேர வேண்டுமே! சிங்கப்பூரில் அடுக்குமாடி லிஃப்ட் வாசலிலேயே அரசு ஏஇடி பெட்டியை மாட்டியிருக்கிறது. கருவியே பேசி வழிகாட்டும். தேவையில்லாதவருக்கு அதிர்ச்சி தராது. இங்கே அது தமிழும் இந்தியும் பேசட்டும். மேலாளர் அறையில் பூட்டாமல், இரவு ஷிஃப்ட் ஒப்பந்தத் தொழிலாளியும் எடுக்கும்படி கேன்டீன் வாசலில் மாட்டுங்கள்.