வயசான காருக்கு என்ன பிரேக் பேட்? வரியும் கட்டணமும் சொல்லாத கணக்கு!

உங்கள் வீட்டு வாசலில் ஒரு பழைய கார் நிற்கிறதா? 2010-க்கு முன்னால் வாங்கிய சான்ட்ரோ, வேகன் ஆர், மாருதி 800... ஏதோ ஒன்று. விற்கலாம்னு விசாரிச்சா, கேட்கிற விலை வயித்தெரிச்சலைக் கிளப்புது. சரி, பையனோ பொண்ணோ ஓட்டிப் பழகட்டும் என்று வைத்துக்கொள்கிறோம். அந்த காருக்கு பிரேக் பேட் மாற்றும் நேரம் வரும்போது மெக்கானிக்கிடம் என்ன சொல்கிறோம்? "இன்னும் ரெண்டு வருஷம் ஓடப்போற வண்டி, இருக்கிறதுல சீப்பா ஒண்ணு போட்டு விடுங்கண்ணே!" பழகாத கால், பழைய கார், மலிவான பேட். மூன்றையும் ஒன்றாக வைத்து ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க.

2025-ல் பழைய கார்கள் அடிக்கடி செய்தியில் அடிபட்டன. ஜூலையில் டெல்லியில் 10 வருடம் தாண்டிய டீசல், 15 வருடம் தாண்டிய பெட்ரோல் வண்டிகளுக்கு பங்க்கில் எரிபொருள் கிடையாது என்றார்கள். எதிர்ப்பு கிளம்ப, சில நாள்களிலேயே நிறுத்திவைத்தார்கள். ஆகஸ்ட்டில், 20 வருடம் தாண்டிய கார்களின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 5,000 ரூபாயிலிருந்து 10,000 ரூபாயானது. செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி மாற்றம் வந்தது. 28 சதவிகிதத்தில் இருந்த உதிரிபாகங்களும் 18 சதவிகிதத்துக்கு இறங்கின.

இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். தடையும் கட்டணமும் வண்டியின் வயதைத்தான் பார்க்கின்றன. நம் ஊரில் சொந்த உபயோக காருக்கு 15 வருடம் முடிந்ததும் எஃப்.சி காட்ட வேண்டும். பிறகு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை. நன்றாக ஓடும் வண்டி என்றால், அந்த ஐந்து வருட இடைவெளிக்குள் முன்பக்க பேட் ஒருமுறையாவது தேய்ந்து தீர்ந்துவிடும். அன்றைக்கு ஆர்.டி.ஓ வந்து பார்க்கப் போவதில்லை. ஸ்பேர்ஸ் கடை கவுன்டரில் நீங்கள் எடுக்கிற முடிவுதான்.

சென்னை ஜி.பி ரோட்டிலோ உங்கள் ஊர்க் கடையிலோ நின்றால், ஒரே காருக்கு மூன்று, நான்கு டப்பாக்களை எடுத்து வைப்பார்கள். கார் கம்பெனி பெயர் போட்டது ஒன்று. பேட் தயாரிக்கும் கம்பெனியின் சொந்த டப்பா ஒன்று. பெயரே கேள்விப்படாத ஒன்று. என் ஓட்டு இரண்டாவதுக்குத்தான். பாடியிலும் அம்பத்தூரிலும் பல வருடங்களாக பிரேக் லைனிங், பேட் தயாரிக்கும் பெரிய தொழிற்சாலைகள் இருக்கின்றன. கார் கம்பெனிகளுக்கு சப்ளை செய்யும் இவர்களேதான் கடைகளுக்கும் சொந்தப் பெயரில் சரக்கு அனுப்புகிறார்கள். கார் உற்பத்தி நின்று பத்து வருடம் ஆனாலும், நிறைய விற்ற மாடல் என்றால் பேட் கிடைக்கும்.

ஆனால், டூப்ளிகேட் வருவதும் பிரபலமான பெயரில்தானே? அதனால் பில் கேளுங்கள். "பில் இல்லாம குறைச்சுக் குடுங்க" என்று நாமே கேட்பது போலிச் சரக்குக்குச் சிவப்புக் கம்பளம் விரிப்பது மாதிரி. வரி குறைந்த பிறகு அந்தக் கணக்கில் மிச்சமாவதும் குறைவு. டப்பாவை மட்டும் பார்க்காமல் பேடையும் கையில் வாங்கிப் பாருங்கள். பின்பக்க இரும்புத் தகட்டில் பார்ட் நம்பர் அழுத்தமாக இருக்கிறதா, உராயும் பகுதியின் ஓரம் நகத்தால் சுரண்டினால் உதிர்கிறதா என்று பாருங்கள். ஆஸ்பெஸ்டாஸ் கலக்காதது என்று போட்டிருந்தால் நல்லது. இந்தியாவில் ஆஸ்பெஸ்டாஸுக்கு இன்னும் முழுத் தடை இல்லை. பழைய பேடைக் கழற்றும்போது அந்தத் தூசியை ஏர் அடித்து ஊத விடாதீர்கள், ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள். மூச்சில் போவது மெக்கானிக்குக்கும் சேர்த்துத்தான்.

அடுத்து, எந்த வகை? ஆர்கானிக் பேட் மென்மையானது. சத்தம் போடாது, டிஸ்க்கை அதிகம் தின்னாது. ஆனால் சீக்கிரம் தேயும், சூடு ஏற ஏற பிடி தளரும். செமி மெட்டாலிக்கில் உலோகத்தூள் அதிகம். சூட்டைத் தாங்கும், கொஞ்சம் கீச்சிடும், டிஸ்க்கையும் தேய்க்கும். செராமிக் சுத்தமானது, அமைதியானது, விலையும் அதிகம். "செராமிக் போட்டா காரே மாறிடும் சார்" என்று யாராவது சொன்னால் சிரித்துக்கொண்டே நகருங்கள். கம்பெனியில் முதலில் எந்த வகை வந்ததோ அதையே போடுவதுதான் பழைய காருக்கு நல்லது. அடிக்கடி ஏற்காடு, கொல்லிமலை என்று ஏறி இறங்குபவர்கள் மட்டும் செமி மெட்டாலிக் பற்றி யோசிக்கலாம். ரேஸ் பேட் பக்கமே போகாதீர்கள். அது சூடானால்தான் பிடிக்கும். காலையில் தெருமுனையில் நாய் குறுக்கே வரும்போது சூடாகியிருக்காது.

இவ்வளவு பார்த்து வாங்கிய பேடும் வீணாகலாம் என்பதுதான் பழைய காரின் பிரச்னை. காலிப்பர் நகரும் பின்கள் கிரீஸ் காய்ந்து இறுகியிருக்கும். அப்போது உள்பக்க பேட் மட்டும் தேயும், வண்டி ஒரு பக்கம் இழுக்கும். கழற்றின பேடுகளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஒன்று தடிமனாக, ஒன்று மெலிந்து இருந்தால் பேடை மட்டும் மாற்றிப் பிரயோஜனமில்லை. டிஸ்க்குக்கும் குறைந்தபட்ச தடிமன் உண்டு, பெரும்பாலும் அதிலேயே பொறித்திருப்பார்கள். அதற்குக் கீழே போயிருந்தால் லேத்தில் கொடுத்துக் கடையாமல் புதிதாக மாற்றுங்கள். இடது, வலது இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்தே பேட் மாற்ற வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மாற்றுவது ஒரு காலில் மட்டும் புதுச் செருப்பு போடுகிற கதை.

பிரேக் ஆயிலை மறந்துவிடுகிறோம். அது ஈரத்தை உறிஞ்சும். உறிஞ்சிய ஆயில் மலை இறக்கத்தில் சூடேறிக் கொதித்தால், பெடல் மெத்தையில் அழுத்துவது போல உள்ளே போகும். பேட் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அப்போது உதவாது. பொதுவாக இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். பேட் மாற்றும் அன்றைக்கே அதையும் முடித்துவிடுங்கள்.

ஷெட்டிலிருந்து வண்டியை எடுக்கும் முன், நின்ற இடத்திலேயே பெடலை நாலைந்து முறை அழுத்திக் கெட்டியாகிறதா என்று பாருங்கள். பின்வாங்கிய பிஸ்டன் வந்து சேர அவ்வளவு தேவை. முதல் 200, 300 கிலோமீட்டருக்கு சடன் பிரேக் இல்லாமல், மெதுவாக வேகத்தைக் குறைத்து ஓட்டுங்கள். பேடும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று படிய வேண்டும். அந்த நாள்களில் சாவி உங்கள் கையிலேயே இருக்கட்டும். பையன் அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஓட்டிக்கொள்வான்.