ஊசி பிடித்த கைக்கு என்ன வெட்கம்?



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள். சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

எங்கள் பாடசாலையில் 10ஆம் தரத்தில் படிக்கும் ஒரு மாணவன். பெயர் வேண்டாம். வாப்பா மவுத்தாகிப் பல வருஷம். தாத்தாதான் ஒரு கடையில் வேலை செய்து வீட்டையும் தம்பியின் படிப்பையும் பார்க்கிறா. விடியற்காலை பஸ்ஸில் போனால் இஷாவுக்குப் பிறகுதான் திரும்பி வருவா. நுவரெலியாப் பக்கம் ஜனவரி விடியலில் புல் எல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடக்கும். அந்தக் குளிரில் அவ போட்டுப் போகும் ஸ்வெட்டர் முழங்கையில் கிழிந்து பல நாள்.

தம்பி இதைப் பார்த்திருக்கிறான். லீவு நாட்களில் மரக்கறி மூட்டை இறக்கிச் சேர்த்த காசில் தடித்த கம்பளி நூல் வாங்கினான். பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மாவிடம் பின்னல் பழகினான். தாத்தாவுக்குத் தெரியாமல் இரண்டு மாதம் பின்னி, முன் பக்கமும் பின் பக்கமும் முடித்துவிட்டான். கை இரண்டும்தான் பாக்கி.

யாரோ ஜன்னலால் படம் எடுத்து ஊர் வட்ஸ்அப் குழுவில் போட்டார்கள். விழுந்து விழுந்து சிரித்தோம். “மாப்பிள்ளைக்குச் சீதனம் ரெடி” என்று ஒருவர். “ஆம்புளப் புள்ளைக்கு எனத்துக்கு இந்த வேல?” என்று சொந்த மாமா. அன்றிரவே பிள்ளை ஊசியை உருவி, பின்னியது முழுவதையும் இழுத்துப் பிரித்துப் போட்டுவிட்டான்.

எங்கள் ஆசிரியர் ஓய்வறைக்கும் அந்தப் படம் வந்தது. நாங்களும் சிரித்தோம். கலாசாலையில் இரண்டு வருஷம் பிள்ளை உளவியல் படித்துவிட்டு வந்த நாங்கள்தான் சிரித்தோம். குற்றம் எங்களிலும் இருப்பதால்தான் எழுதுகிறோம்.

பின்னல் பெண்களின் வேலை என்று யார் சொன்னது? கிழக்கில் கடலுக்குப் போகும் நம் ஆண்கள் கரையில் குந்தியிருந்து வலை பின்னுகிறார்கள், கிழிந்த வலையைப் பொத்துகிறார்கள். அவர்களைப் பார்த்துச் சிரிப்போமா? மருதமுனைச் சாரனை விரும்பி வாங்கி உடுக்கிறோமே, அந்தத் தறியில் தலைமுறை தலைமுறையாக உட்கார்ந்தவர்களில் ஆண்கள் எத்தனை பேர்! நம் டவுன்களில் பெண்களுக்கே தைத்துக் கொடுக்கும் தையல்காரர்கள் யார்? நம் நானாமார்தானே. காசு வந்தால் அது தொழில், அன்பில் செய்தால் அது பொம்பிள வேலை. இதுதான் நம் சட்டமா?

இன்னும் பின்னால் போவோம். ஸ்பெயினில் 1275இல் இறந்த ஒரு கிறிஸ்தவ இளவரசரின் கல்லறையில் பட்டு நூலால் பின்னிய தலையணை கிடைத்தது. அதிலே அரபு கூஃபி எழுத்தில் ‘பரகத்’ என்ற பொருள்பட ஒரு சொல் பின்னப்பட்டிருக்கிறது. ஐரோப்பாவில் கிடைத்த மிகப் பழைய பின்னல் பொருட்களில் அது ஒன்று. முஸ்லிம் கைவினைஞர் பின்னியது என்றே ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அரச குடும்பம் கல்லறை வரை கொண்டுபோன கைவேலையை, நாம் வட்ஸ்அப்பில் சிரிப்பதற்கு வைத்திருக்கிறோம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, நம் நபி (ஸல்) அவர்கள் தமது ஆடையைத் தாமே தைத்தார்கள், செருப்பைத் தாமே செப்பனிட்டார்கள் என்று ஆயிஷா (ரழி) அவர்கள் அறிவித்ததை எத்தனை குத்பாவில் கேட்டிருக்கிறோம்! கேட்கும்போது தலையை ஆட்டினோம். வெளியே வந்து, உடன்பிறந்தவளுக்காக ஊசி பிடித்த பிள்ளையைக் கேலி செய்தோம்.

“கடையில் வாங்கினால் முடிந்ததே, படிக்கிற நேரம் வீணில்லையா?” என்று கேட்பீர்கள். நுவரெலியாக் கடைத்தெருவில் பேரம் பேசி ஸ்வெட்டர் வாங்கலாம். உண்மைதான். நாங்களும் வாங்கியிருக்கிறோம். ஆனால் இந்தப் பிள்ளையின் கொப்பியை நாங்கள் பிறகு பார்த்தோம். முதலில் ஒரு சின்னத் துண்டு பின்னி அளந்திருக்கிறான். 10 சென்ரிமீற்றருக்கு 14 கண்ணி. முன் பக்கம் 50 சென்ரிமீற்றர் வேண்டும், ஆகவே 70 கண்ணி. கைக்குழிக்கு எந்த வரியில் எத்தனை கண்ணி குறைப்பது, இரண்டு பக்கமும் சமமாக வருவது எப்படி, எல்லாம் கணக்குப் போட்டிருக்கிறான். விகிதத்தைக் கரும்பலகையில் நாங்கள் எத்தனை தடவை விளங்கப்படுத்தியும் ஏறாத பிள்ளை இவன். தாத்தாவின் உடம்பளவை வைத்துத் தானாகவே பிடித்துக்கொண்டான். இதுவா வீண் நேரம்? இரவு ஒரு மணிவரை போனில் விளையாடும் பிள்ளைகளை யாராவது படம் எடுத்துக் குழுவில் போட்டோமா?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தாத்தாமார் உழைக்க வேண்டும், சமைக்க வேண்டும், தம்பிமாரின் உடுப்பையும் கழுவ வேண்டும். அதைப் பார்த்து யாருக்கும் சிரிப்பு வருவதில்லை. ஒரு தம்பி திருப்பி ஏதாவது செய்தால் மட்டும் நம் ஆண்மைக்குக் குளிர் பிடித்துவிடுகிறது. பெற்றுக்கொள்ள மட்டும் பழகிய பிள்ளை நாளைக்கு எப்படிப்பட்ட புருஷனாக, எப்படிப்பட்ட வாப்பாவாக வருவான்? பிறகு “இந்தக் காலத்துப் பொடியன்மாருக்குப் பாசம் இல்லை” என்று பள்ளிவாசல் திண்ணையில் இருந்து நாமே குறை சொல்வோம்.

நாங்கள் அவனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டோம். தனியாக அழைத்து அல்ல, அவனுடைய வகுப்பின் முன்னால் கேட்டோம். “பரவாயில்ல சேர்” என்றான், தலையை நிமிர்த்தவில்லை.

படம் எடுத்தவர் யாரென்று உங்களுக்குத் தெரியும். சிரித்தவர்கள் யாரென்று குழுவிலேயே இருக்கிறது. குழு நடத்துபவர்கள் அந்தப் படத்தை அழியுங்கள். மாமா அவனது வீட்டுக்கு ஒருதரம் போய் வாருங்கள். மனைப்பொருளியல் பாடத்தை ஒரு பையன் கேட்டால் “நல்லா யோசித்துப் பார்” என்று திருப்பி அனுப்பும் பழக்கத்தை ஆசிரியர்களாகிய நாங்களும் விட்டுவிடுகிறோம்.

பிரித்த கம்பளி நூல் கெட்டுப்போகாது. சுருள் சுருளாகத்தான் இருக்கும். கழுவித் தொங்கவிட்டால் நேராகிவிடும், திரும்பவும் பின்னலாம். அந்த நூல் இன்னும் ஒரு பையில், அவனுடைய கட்டிலுக்குக் கீழே இருக்கிறது.

குளிர் தொடங்க இன்னும் கொஞ்ச நாள்தான். அந்தப் பையை அவன் மீண்டும் வெளியே எடுப்பானா இல்லையா என்பது இனி நம் வாயில்தான் இருக்கிறது.

சிந்திப்போமா?