முதல் கத்தி எங்கே பட வேண்டும்?

“கத்தி பட்டால் கட்டி பரவும்” என்றொரு பேச்சு எங்கள் ஊரில் உண்டு. படித்தவர்கள் கேட்டால் சிரிப்பார்கள். நானும் சிரித்தவன்தான். ஆனால் என் பெரியப்பா ஒரு காலை இழந்த பிறகு, அந்தப் பேச்சில் பாதி உண்மை உண்டென்று அறிந்தேன். மீதிப் பாதியைச் சொல்லவே இக்கட்டுரை.

பெரியப்பா குழித்தறி நெசவாளர். முழங்காலுக்கு மேல் ஒரு வலி. ஓய்ந்து படுத்தால் இரவில் கூடும். வாதம் என்றெண்ணி எண்ணெய் போட்டு உருவினோம். ஓராண்டு ஓடிற்று. வீக்கம் கண்டதும் அருகிலிருந்த ஒரு மருத்துவமனையில், எக்ஸ்ரே படம்கூட எடுக்காமல், கொழுப்புக் கட்டியென்று அறுத்துவிட்டார்கள். ஆய்வு முடிவு ஆங்கிலத்தில் வந்தது. எங்கள் வீட்டில் அதைப் படிக்கக்கூடியவன் நான் ஒருவனே. ‘காண்ட்ரோசார்கோமா, இரண்டாம் தரம்’ என்றிருந்தது.

எலும்பில் தோன்றிக் குருத்தெலும்பாகவே வளரும் புற்றுநோய் அது. 1943இல் லிச்டென்ஸ்டைன், ஜாஃபி என்ற நோயியல் அறிஞர்கள் இதனை மற்ற எலும்புப் புற்றிலிருந்து பிரித்து விளக்கினார்கள். பெரும்பாலும் நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு வருகிறது.

குருத்தெலும்பில் இரத்தக் குழாய்கள் இல்லை என்று தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவன் நான். அந்த ஒரு வரியின் பொருள் பிறகுதான் விளங்கிற்று. இக்கட்டியிலும் இரத்த ஓட்டம் குறைவு. செல்கள் மெல்லப் பெருகுகின்றன. ஆகவே வழக்கமான வகைக்குக் கீமோ மருந்தோ, ஊரில் ‘கரண்டு வைப்பது’ என்கிறோமே அந்தக் கதிர்ச் சிகிச்சையோ, அவ்வளவாகப் பலன் தருவதில்லை. அறுவைதான் முதன்மைச் சிகிச்சை.

அந்த அறுவைக்கும் முறை உண்டு. கை கால்களின் நீண்ட எலும்புக்குள் அடங்கிய முதல் தரக் கட்டியைச் சுரண்டி எடுத்து, எஞ்சிய செல்களைப் பினால் அல்லது திரவ நைட்ரஜனால் அழித்து, குழியை எலும்புச் சிமெண்டால் நிரப்பினால் பலருக்குப் போதும். இரண்டாம், மூன்றாம் தரமானாலோ, இடுப்பெலும்பில் வந்தாலோ, கட்டியைக் கீறாமல் சுற்றியுள்ள நல்ல திசுவோடு சேர்த்து முழுமையாக எடுக்க வேண்டும். காலில் எலும்பு எடுத்த இடத்தில் உலோக எலும்பும் மூட்டும் பொருத்துகிறார்கள். உயிரும் பிழைக்கிறது, பலருக்குக் காலும் பிழைக்கிறது.

கட்டியின் நடுவே அறுத்தாலோ செல்கள் சிந்தி, கத்தி சென்ற வழியெங்கும் ஒட்டி வளரக்கூடும். ஆகவேதான் சோதனைக்குச் சிறு துணுக்கு எடுப்பதையும், பின்னர் அறுவை செய்யப்போகும் மருத்துவரே செய்வது, அல்லது அவரைக் கலந்து செய்வது நல்லது. ஊசி சென்ற பாதையையும் அவர் அறுவையின்போது சேர்த்து எடுத்துவிடுவார். பெரியப்பாவுக்கோ அந்த முதல் அறுவை தொடைத் தசைகளையெல்லாம் மாசுபடுத்திவிட்டது. காலை எடுப்பதைத் தவிர வழியில்லை என்று நகரத்துப் பெரிய மருத்துவமனையில் சொன்னார்கள்.

பேருந்துக் கட்டணத்துக்கே திண்டாடுபவன் நகரத்துக்கு எங்ஙனம் போவான் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் ஓர் எக்ஸ்ரே படத்துக்கு நகரம் போக வேண்டியதில்லை. படத்தைப் பார்த்து, “இது எங்களால் ஆகாது, இன்ன இடத்துக்குப் போங்கள்” என்று சொல்வதும் மருத்துவந்தான். அப்படிச் சொல்வதில் எந்த மருத்துவருக்கும் இழிவில்லை. நோயாளிக்குப் புரியும் தமிழில் சொல்வதிலும் இழிவில்லை.

நண்பர்களே! நம்மில் பலர் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவர்கள். மருத்துவத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு வீடே நம் முகத்தைப் பார்க்கும். ஓய்விலும் விடாத எலும்பு வலியா, வளரும் வீக்கமா, முதலில் படம் எடுக்கச் சொல்லுங்கள். அறுக்கும் முன் ‘இது என்ன கட்டி?’ என்று கேளுங்கள். தவறான கத்தி பட்டால் கட்டி பரவும். சரியான கத்தி பட்டால் கட்டி போகும். இதுவே மீதிப் பாதி.

பெரியப்பா இன்று உயிரோடிருக்கிறார். தறியில் மிதிக்க முடியாததால் திண்ணையில் அமர்ந்து தார் சுற்றுகிறார். அன்று எனக்குத் தெரியாமற் போனது, இன்று உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

— இளம் அறிவியல் இரண்டாம் ஆண்டு, விலங்கியல்