ஒரு நாள் வராவிட்டால்...

"நாளைக்கு நீங்கள் வேலைக்கு வராவிட்டால், இங்கே எது நின்றுபோகும்?"

பட்டம் வாங்கிய கையோடு ஒரு பொறியியல் நிறுவனத்தில் சேர்ந்து ஓராண்டு முடிந்தபோது, என் மேலாளர் கேட்ட கேள்வி இது. கொடுத்த வேலையை நான் குறையில்லாமல் முடித்திருந்தேன். ஒரு நாளும் தாமதமாக வந்ததில்லை. இருந்தும் வாயடைத்து நின்றேன். உண்மையில், எதுவும் நின்றுபோகாது!

அந்த ஞாயிற்றுக்கிழமை தேக்காவில், அம்மா வழக்கமாகச் சாமான் வாங்கும் மளிகைக்கடைக்குப் போனேன். பல ஆண்டுகளாக அங்கே வேலை செய்யும் அண்ணன் ஊருக்குப் போயிருந்தார். கடை தடுமாறிக்கொண்டிருந்தது. ஒரு சீன மூதாட்டி மலாயில் கேட்டதும், வங்காளதேசத் தொழிலாளி ஒருவர் வங்காளத்தில் கேட்டதும் யாருக்கும் விளங்கவில்லை. "அவர் இல்லாதது ஒரு கை இல்லாத மாதிரி இருக்கு தம்பி" என்றார் முதலாளி. அந்த அண்ணனுக்குப் பட்டம் கிடையாது. எதிரே நிற்பவரின் பேச்சை, யாரும் சொல்லாமலே கற்றுக்கொண்டவர். என் மேலாளரின் கேள்விக்கு விடை கல்லாப்பெட்டிக்குப் பக்கத்திலேயே இருந்தது.

1924இல் பிறந்து, 1999 முதல் 2011 வரை நம் அதிபராக இருந்த எஸ்.ஆர். நாதனின் வாழ்க்கையும் இதையே சொல்கிறது. பள்ளிப்படிப்பு பாதியில் நின்றுபோன இளைஞர் அவர். ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் அகராதியை வைத்துக்கொண்டு ஜப்பானிய மொழியைத் தாமே கற்று, மொழிபெயர்ப்பாளரானார். பிறகு அன்று சிங்கப்பூரில் இயங்கிய மலாயாப் பல்கலைக்கழகத்தில் படித்து, 1954இல் சமூக ஆய்வுப் பட்டயம் பெற்றார். மருத்துவ சமூக ஊழியர், கடலோடிகள் நல அதிகாரி, தொழிற்சங்க ஆய்வாளர், வெளியுறவு அமைச்சு அதிகாரி என ஒவ்வொரு பணியிலும் புதிய மனிதர்களைப் புரிந்துகொள்ள வேண்டியிருந்தது. 1974 ஜனவரி 31ஆம் தேதி, புலாவ் புக்கோம் எண்ணெய் ஆலையைத் தாக்கிய நால்வர் 'லாஜு' படகிலிருந்தவர்களைப் பிணை பிடித்தனர். பிணையாளிகள் விடுதலை பெறுவதற்காக, 13 சிங்கப்பூர் அதிகாரிகள் கொண்ட குழுவுக்குத் தலைமையேற்று, அந்த நால்வருடன் குவைத்துக்கு விமானம் ஏறியவர் நாதன். அத்தகைய நேரத்தில் நாடு ஒருவரை நம்பி அனுப்புகிறது என்றால், அந்த நம்பிக்கை ஒரே நாளில் வந்திருக்குமா?

என் கதைக்கு வருகிறேன். அலுவலகத்தில் தமிழ் பேச எனக்குக் கூச்சம். தாழ்வாக நினைப்பார்களோ என்ற பயம். ஒருநாள் வேலையிடத்தில், காலை டூல்பாக்ஸ் கூட்டத்தில் எல்லாரும் தலையாட்டினார்கள். தமிழ்நாட்டுத் தொழிலாளி ஒருவர் மட்டும் தலையைக் குனிந்தபடி நின்றார். கூட்டம் முடிந்ததும் அவரிடம் தமிழில் பேச்சுக் கொடுத்தேன். "சாரத்துல ஒரு கிளாம்ப் ரெண்டு நாளா லூசா இருக்கு சார். இங்கிலீஷ்ல எப்படிச் சொல்றதுன்னு தெரியல" என்றார். உடனே வேலையை நிறுத்திச் சரிசெய்தோம். அன்று யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த இரண்டு நாள்களை நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது. அதன் பிறகு காலைக் கூட்டங்களுக்கு என்னையும் அழைத்தார்கள். அடுத்த ஆண்டு மேலாளர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

படிப்பும் பயிற்சியும் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. 2016இலேயே 25 வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூரர்களுக்குப் பயிற்சிக்கென 500 வெள்ளி கொடுத்தது அரசாங்கம். அதைப் பயன்படுத்தத்தான் வேண்டும். ஆனால் அதே சான்றிதழ் பக்கத்து மேசைக்காரரிடமும் இருக்கும். அறிக்கையைக் கணினியே எழுதித் தரும் காலம் இது. சொல்லத் தெரியாமல் ஒருவர் தலைகுனிந்து நிற்பதை அது கவனிக்குமா?

இரவு பத்து மணிவரை அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பதும் மதிப்பல்ல. மலிவான உழைப்பாகவே அது முடியக்கூடும். எவ்வளவு நல்ல ஊழியரும் ஆட்குறைப்புக்குத் தப்புவார் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. ஆனால் பிறர் சிரமத்தைப் புரிந்துகொள்ளும் பழக்கம், வேலை போனாலும் நம்முடனே வரும்.

வேலைப்பயிற்சிக்குப் புறப்படும் தம்பி தங்கைகளே! முதல் வாரத்தில் ஒன்று செய்யுங்கள். நீங்கள் முடித்த வேலை அடுத்து யார் கைக்குப் போகிறது என்று பாருங்கள். அவரிடம் போய், "இதில் உங்களுக்கு என்ன சிரமம்?" என்று கேளுங்கள். அவருக்குப் புரிகிற மொழியில் கேளுங்கள். அது தமிழாக இருந்தால், தயங்காதீர்கள்.