பள்ளிக்கு மட்டுமா பிரியாவிடை? நெய்வேலி பிளஸ்-2 மாணவர்களின் இரட்டை சோகம்

நெய்வேலி டவுன்ஷிப் பள்ளிகளில் பிளஸ்-2 பிரிவு உபசார விழா என்றால் கண்ணீர் கொஞ்சம் கூடுதல்தான். காரணம், குவார்ட்டர்ஸ்! பிள்ளை கல்லூரி முடித்து வருவதற்குள் அப்பா 60 வயதில் ரிட்டையர் ஆகி விட்டால் வீட்டை காலி செய்து சாவியை ஒப்படைக்க வேண்டும். 1956-ல் தொடங்கிய என்.எல்.சி.க்காக உருவான ஊர் இது. இங்கேயே பிறந்து வளர்ந்தவனும் ஒருநாள் மூட்டை கட்டித்தான் ஆக வேண்டும்.

ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கரி கிடைத்ததும், 1957-ல் நேரு வந்து சுரங்கத்தை தொடங்கி வைத்ததும் பிள்ளைகளுக்கு மனப்பாடம். சுரங்கத்துக்கு போன கிராமங்களின் பெயரை கேட்டால் எத்தனை பேர் சொல்வார்கள்?

டவுன்ஷிப் மாணவனாவது பின்னால் வந்து தன் பள்ளிக்கூடத்தை பார்க்கலாம். நிலம் கொடுத்த கிராமத்து பிள்ளைக்கு ஊர் இருந்த இடத்தில் பள்ளம்தான். 2023 ஜூலையில் வளையமாதேவியில் பயிர் நின்ற வயலில் பொக்லைன் இறங்கியதை நாடே பார்த்தது.