ஊரறிந்து திட்டமிடல்

ஸ்காட்லாந்து அறிஞர் பேட்ரிக் கெடிஸ், சென்னை மாகாண ஆளுநர் பெண்ட்லண்ட் பிரபுவின் அழைப்பை ஏற்று 1914ஆம் ஆண்டு இந்தியா வந்தார். காஞ்சிபுரத்தில் அவர் பெரிதும் வியந்தது தனித்தனிக் கோபுரங்களையன்று. கோயில்களும் அகன்ற வீதிகளும் வீடுகளும் இயைந்து நின்ற நகரமைப்பையே. ஓர் ஊரைத் திருத்த முனைவோர் முதலில் அவ்வூரை நடந்து ஆராய வேண்டும். திட்டம் அதன் பின்னரே என்பது அவர்தம் கொள்கை.

இன்று தமிழ்நாட்டில் ஊர்களின் வளர்ச்சியை நெறிப்படுத்துவது 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டமாகும். அதன்வழி உருவாகும் முழுமைத் திட்டத்தில் நிலம் குடியிருப்பு, வணிகம், தொழில், வேளாண்மை எனப் பகுக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் தீட்டப்படுகிறது. காஞ்சியின் பிள்ளையார்பாளையத்து நெசவாளர் வீட்டிற்கு எந்நிறத்தைத் தீட்டுவது? கூடத்தில் தறி, அதனையடுத்துச் சமையலறை. விடியற்காலையில் தெருவே பட்டுப்பாவு விரிக்கும் தொழிற்கூடமாகிறது. அத்தெருவை முழுவதும் ஊர்திகளுக்கு விட்டுவிடுவோர், தாம் ஒரு தொழிற்கூடத்தை மூடியதை அறியவும் மாட்டார்கள். வரைபடம் இதனைக் காட்டாது. அங்குச் சென்று நின்றால்தான் தெரியும்.

தெருவுக்குப் பொருந்துவது வட்டாரத்திற்கும் பொருந்தும். காஞ்சிபுரம் மாவட்டத்துப் பரந்தூரில் புதிய விமான நிலையம் அமையும் என 2022 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டது. அங்குள்ள ஏரிகளையும் கம்பன் கால்வாயையும் குறித்து ஆராயும் வல்லுநர் குழு அதன் பின்னரே அமைக்கப்பட்டது. சென்னைக்கு இரண்டாவது விமான நிலையம் வேண்டும் என்பதை எளிதில் மறுக்க இயலாது. ஆயினும் இடத்தை அறிவித்துவிட்டு நீரின் வழியை ஆராய்வது, பாவு பூட்டுமுன் ஊடை ஓட்ட முயல்வதை ஒக்கும். ஏகனாபுரத்து மக்களின் நெடிய எதிர்ப்பில் நிலத்தின் விலை குறித்த வழக்கை மட்டும் காண்பது பிழை. ஏரியை நம்பி வாழ்வோர் தம்மை முன்னரே கேட்டிருக்க வேண்டும் என்கின்றனர்.

கேட்பதற்குச் சட்டத்தில் இடமில்லாமல் இல்லை. முழுமைத் திட்டத்தின் வரைவை வெளியிட்டு, இரண்டு மாதங்களுக்குக் குறையாத காலத்திற்குள் மக்களின் மறுப்புகளையும் கருத்துகளையும் பெற வேண்டும் என்பது விதி. ஆனால் அரசிதழைப் படித்துவிட்டுத் தறியில் அமரும் நெசவாளர் எத்தனை பேர்? 2022இல் சென்னைப் பெருநகரப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்கப்பட்டது. காஞ்சிபுரம் மாவட்டத்தின் பகுதிகளும் அதனுள் அடங்கும். இனி வரையப்படும் ஒவ்வொரு வரைவும் எளிய தமிழில் நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களின் சுவர்களிலும் ஊராட்சி அலுவலகங்களிலும் இடம்பெற வேண்டும். வரைந்த அலுவலரும் சில நாள்கள் அங்கேயே அமர்ந்து, கேட்போருக்கு விளக்கி, அவர்கள் கூறுவதை எழுதிக்கொள்ள வேண்டும்.